ஏன் என்று கேட்ட மாவட்டம்

மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் முப்பது ஆண்டுகள் அறிவியலை மனப்பாடம் செய்யாமல், செய்து பார்த்துப் படித்தார்கள். 2002-ல் அது நிறுத்தப்பட்டது. அவர்கள் கற்றது என்ன? இழந்தது என்ன?

அடர்த்தி என்றால் என்ன என்று ஏழாம் வகுப்பு மாணவனைக் கேட்டுப் பாருங்கள். "ஓரலகு பருமனில் அடங்கியுள்ள நிறை" என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பான். அடுத்து, ஒரு மெழுகுவர்த்தியை வாளித் தண்ணீரில் போட்டால் மிதக்குமா, மூழ்குமா என்று கேளுங்கள். சற்று யோசிப்பான். அதையே நான்கு துண்டாக வெட்டிப் போட்டால்? இங்கேதான் திணறல் தொடங்கும். துண்டு சிறியது, அதனால் மிதக்கும் என்பார்கள் சிலர். முழு மெழுகுவர்த்தி கனமானது, அதனால் மூழ்கும் என்பார்கள் வேறு சிலர். மனப்பாடம் செய்த வரி உதவிக்கு வராது.

உண்மையில் முழு மெழுகுவர்த்தியும் மிதக்கும், துண்டும் மிதக்கும். கடுகளவு இரும்புத் துணுக்கு மூழ்கும், கட்டைவண்டி நிறைய ஏற்றிய மாமரக் கட்டை மிதக்கும். எடை மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை; அளவு மட்டும் தீர்மானிப்பதும் இல்லை. இரண்டுக்கும் உள்ள விகிதம்தான் தீர்மானிக்கிறது. இதைத் தானாகக் கண்டுகொள்ளும் பிள்ளைக்கு வரையறை தேவையே இல்லை. வரையறையை மட்டும் வைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கோ அதனால் பயன் இல்லை.

இந்த எளிய உண்மையை வைத்துக்கொண்டு ஒரு மாவட்டத்தின் பள்ளிப் பாடத்தையே மாற்றி எழுதினார்கள் சிலர். 1972-ல் நர்மதைக் கரையில் உள்ள ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் அந்த முயற்சி தொடங்கியது. பலியா பிப்பரியா கிராமத்தில் இயங்கிய கிஷோர் பாரதி, ரசூலியாவில் இருந்த ஃபிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு தொண்டு அமைப்புகள் முன்கை எடுத்தன. கிஷோர் பாரதியைத் தொடங்கிய அனில் சத்கோபால் மூலக்கூறு உயிரியல் படித்தவர். பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலையை விட்டுவிட்டுக் கிராமத்துக்கு வந்தவர். அந்த நிறுவனத்திலிருந்தும் டெல்லி பல்கலைக் கழகத்திலிருந்தும் விஞ்ஞானிகளும் பேராசிரியர்களும் ரயிலேறி வந்து, கிராமத்து வாத்தியார்களோடு தரையில் உட்கார்ந்து பாடம் எழுதினார்கள். மாநில அரசு அனுமதி தந்தது. 1978-ல் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் திட்டம் விரிந்தது. அதை நடத்துவதற்கென்றே 1982-ல் ஏகலவ்யா என்ற அமைப்பு பிறந்தது.

'பால் வைஞானிக்', அதாவது குழந்தை விஞ்ஞானி என்பது பாடப்புத்தகத்தின் பெயர். ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்கு ஒவ்வொன்று. வழக்கமான பாடநூலை எதிர்பார்த்து அதைத் திறப்பவருக்கு ஏமாற்றம்தான். விடை கிடையாது. செய்முறையும் கேள்வியும்தான் இருக்கும். விடையை மாணவர்கள் செய்து பார்த்து, தங்கள் நோட்டில் தாங்களே எழுத வேண்டும்.

ஆணியும் உருளைக்கிழங்கும்

இந்த வழியில் அடர்த்திப் பாடம் எப்படி நடக்கும்? நான்கு பிள்ளைகள் ஒரு குழு. முன்னால் ஒரு குவளைத் தண்ணீர், ஒரு தராசு, கோடு போட்ட அளவு ஜாடி. ஆணி, கல், கட்டை, மெழுகு, உருளைக்கிழங்கு என்று கைக்குக் கிடைத்த பொருள்கள். எது மிதக்கும், எது மூழ்கும் என்று முதலில் ஊகித்து எழுத வேண்டும். பிறகு போட்டுப் பார்க்க வேண்டும். ஊகம் பொய்க்கும் இடத்தில்தான் பாடம் ஆரம்பமாகிறது.

அடுத்து அளக்க வேண்டும். 39 கிராம் ஆணிகளை நூலில் கட்டி ஜாடித் தண்ணீரில் இறக்கினால் நீர்மட்டம் 5 மில்லி லிட்டர் ஏறும். 78 கிராம் இறக்கினால் 10 மில்லி லிட்டர். ஆணி எத்தனை போட்டாலும் வகுத்தால் வருவது 7.8-ஐ ஒட்டித்தான். தண்ணீருக்கு அது 1. மெழுகுக்கு சுமார் 0.9. எண்ணெய்க்கும் ஏறக்குறைய அதேதான். ஒன்றுக்கு மேல் போனவை மூழ்கின, கீழே இருந்தவை மிதந்தன என்பது அட்டவணையைப் பார்த்தாலே தெரியும். வாத்தியார் சொல்லித் தர வேண்டியது அந்த விகிதத்துக்கு ஒரு பெயர் உண்டு என்பதை மட்டும்தான்.

உருளைக்கிழங்கு இன்னொரு படி மேலே கொண்டு போகிறது. நல்ல தண்ணீரில் மூழ்கும் கிழங்கு, உப்பைக் கரைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் மேலே வந்துவிடும். மாறியது கிழங்கு அல்ல, தண்ணீர். மிதப்பதும் மூழ்குவதும் ஒரு பொருளின் குணம் மட்டுமல்ல, இரண்டு பொருள்களின் உறவு என்பது இங்கே பிடிபடுகிறது. நெல் விவசாயிகள் உப்புக் கரைசலில் கோழிமுட்டையை மிதக்கவிட்டுப் பதம் பார்த்து, அதில் விதை நெல்லைக் கொட்டி, மேலே மிதக்கும் பதரை அரித்து எறிவது இதே கணக்குதான். முட்டை அங்கே அடர்த்தி அளக்கும் கருவி.

பால்காரரும் இந்தப் பாடத்துக்கு வருகிறார். பாலின் அடர்த்தி சுமார் 1.03. தண்ணீர் ஊற்றினால் குறையும். பால்மானி காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் பாலைவிட லேசான கொழுப்பை, அதாவது ஆடையை முதலில் எடுத்துவிட்டால் அடர்த்தி ஏறும். அதற்குப் பிறகு கணக்காகத் தண்ணீர் சேர்த்தால் பழைய எண்ணுக்கே வந்துவிடும். பால்மானி ஏமாந்து போகும். ஓர் அளவை மட்டும் நம்பி முடிவுக்கு வரக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

ஆளுக்கொரு விடை

செய்து பார்க்கும் வகுப்பில் ஒரு சங்கடம் உண்டு. எட்டுக் குழுக்கள் ஒரே கரும்பலகையை அளந்தால் எட்டு விடைகள் வரும். சாதாரண வகுப்பில் வாத்தியார் சரியான விடையைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். மற்ற ஏழு குழுக்களும் அடித்து எழுதிக்கொள்ளும். ஹோஷங்காபாத் திட்டம் அந்தச் சங்கடத்தையே பாடமாக்கியது. ஏன் வேறுபடுகிறது? அடிக்கோல் நழுவியதா, முனை தேய்ந்திருக்கிறதா, கண் சாய்ந்து பார்த்ததா? எல்லோருமே கவனமாக அளந்த பிறகும் சிறு வேறுபாடு எஞ்சும். அது தவறு அல்ல, அளவீட்டின் இயல்பு. அதனால்தான் பலமுறை அளக்கிறோம், சராசரி எடுக்கிறோம்.

நாணயம் சுண்டுவதும் பகடை உருட்டுவதும் பாடத்தில் இருந்தன. ஒரு பையன் பத்து முறை சுண்டினால் ஏழு தலை விழலாம், பக்கத்துப் பெண்ணுக்கு மூன்றுதான் விழலாம். வகுப்பு முழுவதன் கணக்கையும் கூட்டினால் பாதிக்குப் பாதி என்பதை நெருங்குகிறது. நாலு பேருக்குக் குணமானதை வைத்து ஒரு மருந்தைப் பாராட்டுவதிலும், நாற்பதாயிரம் பேரிடம் சோதித்துச் சொல்வதிலும் உள்ள வேறுபாடு இந்த விளையாட்டுக்குள் இருக்கிறது.

விதை முளைக்க எவை தேவை என்ற கேள்விக்கு மண், தண்ணீர், காற்று, வெளிச்சம் என்று பிள்ளைகள் அடுக்குவார்கள். சோதிப்பது எப்படி? ஒரு தம்ளரில் உலர்ந்த கடலை. ஒன்றில் ஈரத்துணியில் சுற்றியது. ஒன்றில் தண்ணீருக்குள் முழுக அமிழ்த்தியது. ஒன்று ஈரமாக, ஆனால் இருட்டு அலமாரிக்குள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு அம்சத்தை மட்டும் மாற்ற வேண்டும், மற்றவை ஒன்றுபோல இருக்க வேண்டும். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் விளைந்தது என்று சொல்ல முடியாது. இருட்டில் இருந்த கடலை முளை விட்டிருப்பதைப் பார்க்கும் பிள்ளைகள் வியப்படைவார்கள். பயறு முளைகட்டும் அவர்களுடைய அம்மாக்களுக்கு அது முன்பே தெரியும். சோதனை என்பது வெள்ளைக் கோட்டு போட்டவர்களின் தனிச் சொத்து அல்ல. ஒப்பிட்டுப் பார்க்கும் ஒழுங்குதான் சோதனை.

மூலக்கூறு எங்கே?

இந்தப் புத்தகங்களைப் பற்றி அடிக்கடி எழுந்த புகார், அவற்றில் பாடம் குறைவு என்பது. புகாரில் உண்மை உண்டு. அணு, மூலக்கூறு போன்றவற்றைத் திட்டக்காரர்கள் தெரிந்தேதான் நடுநிலை வகுப்புகளிலிருந்து விலக்கினார்கள். பதினொரு வயதுப் பிள்ளை அடர்த்தியைத் தன் கையால் கண்டுபிடித்துவிட முடியும். மூலக்கூறை அப்படிக் கண்டுபிடிக்க முடியாது, நம்பத்தான் முடியும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் புத்தகம் சொல்கிறது என்பதற்காக நம்பச் சொன்னால், அதற்கும் பேய்க் கதைக்கும் பிள்ளையின் மனத்தில் என்ன வேறுபாடு இருக்கும் என்பது அவர்கள் வாதம்.

வரலாறும் அவர்கள் பக்கம்தான் பேசுகிறது. ஒரே வெப்பத்திலும் அழுத்தத்திலும் சம பருமனுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள் இருக்கும் என்று இத்தாலியின் அவகாட்ரோ சொன்னது 1811-ல். அது பரவலாக ஏற்கப்பட அரை நூற்றாண்டு ஆனது. அதற்குப் பிறகும், பிற்பாடு நோபல் பரிசு பெற்ற ஜெர்மானிய வேதியியலாளர் ஆஸ்ட்வால்ட், இருபதாம் நூற்றாண்டு பிறந்த பின்னும்கூட மூலக்கூறுகள் நிஜமாகவே உள்ளனவா என்று சந்தேகித்துக்கொண்டிருந்தார். தண்ணீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஓயாமல் துடிப்பதை 1827-ல் ராபர்ட் பிரவுன் நுண்ணோக்கியில் பார்த்திருந்தார். கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகள் இடிப்பதால்தான் அந்தத் துடிப்பு என்று 1905-ல் ஐன்ஸ்டீன் கணக்கிட்டுக் காட்டினார். பிரெஞ்சு விஞ்ஞானி ழான் பெர்ரன் 1908 முதல் அந்தக் கணக்கை அளந்து சரிபார்த்தார். 1909-ல் ஆஸ்ட்வால்டும் ஒப்புக்கொண்டார். பேரறிஞர்களுக்கே ஒரு நூற்றாண்டு பிடித்த விஷயத்தை ஒரு பீரியடில் முடித்துவிடுகிறது நம் வகுப்பறை.

அப்படியானால் மூலக்கூறைப் பள்ளியில் சொல்லவே கூடாதா? சொல்லலாம், சாட்சியோடு சொல்ல வேண்டும். 50 மில்லி லிட்டர் தண்ணீரோடு 50 மில்லி லிட்டர் எரிசாராயத்தைக் கலந்தால் 100 வருவதில்லை. சுமார் 97-தான் வருகிறது. எடை குறையவில்லை, பருமன் மட்டும் குறைந்துவிட்டது. ஒரு படி கொண்டைக்கடலையோடு ஒரு படி கடுகைக் கலந்தால் இரண்டு படி தேறாது. கடலையின் சந்துகளில் கடுகு புகுந்துகொள்ளும். திரவங்களும் அதுபோலத் துகள்களால் ஆனவையோ? இது நிரூபணம் ஆகாது. நல்ல ஊகம், அவ்வளவுதான். ஆனால் ஊகம் பிள்ளையின் ஊகமாக இருக்கும்.

எண்ணெயும் சாட்சி சொல்லும். அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், லண்டனை அடுத்த கிளாப்பம் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றி, அது அரை ஏக்கர் பரப்புக்குப் பரவி அலைகளை அடக்கியதை 1774-ல் எழுதினார். தேக்கரண்டிக்கு 5 மில்லி லிட்டர், அரை ஏக்கருக்கு 2,000 சதுர மீட்டர் என்று வைத்து வகுத்துப் பாருங்கள். எண்ணெய்ப் படலத்தின் கனம் ஒரு மில்லி மீட்டரில் நான்கு லட்சத்தில் ஒரு பங்கு. அதற்கு மேல் மெலிய முடியவில்லை என்றால், எண்ணெயின் மிகச்சிறிய துணுக்கு ஏறக்குறைய அந்த அளவாகத்தான் இருக்க வேண்டும். ஃபிராங்க்ளின் அந்த வகுத்தலைச் செய்யவில்லை. 1890-ல் ரேலே பிரபு இதே போன்ற சோதனையைக் கவனமாக அளந்து செய்தார். கரண்டியும் குளமும் பெருக்கல் வாய்பாடும் மூலக்கூறின் அளவுக்குக் கொண்டுபோய் விடுகின்றன.

வார்த்தைகள் எவ்வளவு ஏமாற்றக்கூடியவை என்பதற்கும் இங்கே ஓர் உதாரணம் உண்டு. தமிழ்ப் புத்தகத்தில் அணுக்கள் சேர்ந்தால் மூலக்கூறு. இந்திப் புத்தகத்தில் 'அணு' என்பதே மூலக்கூறுதான். நாம் அணு என்பதை அவர்கள் 'பரமாணு' என்கிறார்கள். சென்னையில் ஏழாவது படித்துவிட்டு அப்பாவின் மாற்றலால் போபால் போகும் பிள்ளை, வார்த்தையை மட்டும் நம்பியிருந்தால் ஒன்றை மற்றொன்றாக எழுதிவிட்டு வரும்.

தீக்குச்சியும் கருவேல முள்ளும்

கிராமத்துப் பள்ளியில் ஆய்வுக்கூடம் ஏது என்ற கேள்விக்கும் விடை கண்டார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் லென்ஸ், காந்தம், சோதனைக் குழாய் கொண்ட ஒரு சாமான் பெட்டி தரப்பட்டது. மீதி ஊரிலேயே கிடைத்தது. பூவைப் பிரித்துப் பார்க்க ஊசிக்குப் பதிலாகக் கருவேல முள்.

1978-ல் இங்கே வந்தவர்களில் ஒருவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, டெல்கோவில் பணியாற்றியவர். சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளில் தீக்குச்சிகளைச் செருகி வடிவங்கள் செய்யலாம் என்று இங்கேதான் கண்டார். மூன்று குச்சிகளால் செய்த முக்கோணம் அசையாது, நான்கு குச்சிகளால் செய்த சதுரம் நசுங்கும். கூரைக்கும் பாலத்துக்கும் ஏன் முக்கோணச் சட்டங்கள் போடுகிறார்கள் என்பது விரலுக்குத் தெரிந்துவிடும். அதே குச்சிகளால் மூலக்கூறுகளின் மாதிரிகளையும் செய்யலாம். சில பைசா செலவில் செய்த இந்தப் பொம்மைகளைப் பற்றி அவர் எழுதிய நூல் பல இந்திய மொழிகளுக்குப் போனது. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

கோடை விடுமுறையில் ஆசிரியர்களுக்கு மூன்று வாரப் பயிற்சி. அவர்களும் மாணவர்களைப் போலவே குழுவாக உட்கார்ந்து எல்லாச் சோதனைகளையும் செய்தார்கள். மாதந்தோறும் கூடி, எது சரியாக வரவில்லை என்று பேசினார்கள். தேர்வும் மாறியது. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். கூடவே செய்முறைத் தேர்வும் உண்டு. திறந்த புத்தகத்தில் விடையே இல்லாதபோது காப்பி அடிப்பதற்கு என்ன இருக்கிறது?

'சவாலிராம்' என்ற கற்பனை மனிதர் ஒருவரும் இருந்தார். பிள்ளைகள் தங்களுக்குத் தோன்றும் எந்தக் கேள்வியையும் அவருக்குக் கடிதமாக எழுதலாம். அவர் பெயரில் பதில் போகும். இந்தியில் சவால் என்றால் கேள்வி. தமிழில் அதற்கு வேறு பொருள். சவாலிராமுக்கு வந்து குவிந்த கடிதங்கள் இரண்டு பொருளுக்கும் பொருந்தியவை.

ஒரு மாவட்டத்துக்கு மட்டும் ஏன்?

2002-ல் சுமார் 15 மாவட்டங்களில் ஆயிரம் பள்ளிகளை ஒட்டி, ஏறக்குறைய ஒரு லட்சம் பிள்ளைகள் இந்த முறையில் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில் மாநில அரசு திட்டத்தை நிறுத்தியது. உள்ளூர் பா.ஜ.க. சட்டமன்ற உறுப்பினர் எதிர்ப்புக் கிளப்பினார், மாவட்டத் திட்டக் குழு மூடச் சொன்னது, திக்விஜய் சிங்கின் காங்கிரஸ் அரசு ஆணை பிறப்பித்தது. மற்ற எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கட்சிகள் இதில் ஒத்துப்போயின. நாடெங்கும் விஞ்ஞானிகளும் கல்வியாளர்களும் கண்டனம் தெரிவித்தும் பயன் இல்லை.

எதிர்த்தவர்களின் வாதத்தைப் புறந்தள்ளிவிட முடியாது. மாநிலம் முழுக்க ஒரு புத்தகம் இருக்க, எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் வேறு? ஒன்பதாம் வகுப்புக்குப் போனதும் மற்றவர்களுக்குத் தெரிந்த சூத்திரம் இவர்களுக்குத் தெரியாமல் போனால் என்ன செய்வது? போட்டித் தேர்வில் பின்தங்கினால் யார் பொறுப்பு? பிள்ளையின் ஒரே ஏணி மதிப்பெண்தான் என்று நம்பும் குடும்பத்துக்கு இந்தப் பயம் நியாயமானது. நடைமுறைக் கோளாறுகளும் இருந்தன. உடைந்த சாமான்களுக்கு மாற்று உரிய காலத்தில் வருவதில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியர் மாற்றலாகிப் போனால் அவர் இடத்துக்கு வருபவருக்குப் பயிற்சி இருக்காது. பெட்டி பூட்டியே கிடந்த பள்ளிகளும் உண்டு.

ஆனால் இந்த வாதங்களுக்கு உரிய மருந்து வேறு. மேல்வகுப்புத் தேர்வு மனப்பாடத்தை மட்டும் சோதிக்கிறது என்றால் கோளாறு அந்தத் தேர்வில். சாமான் வரவில்லை என்றால் சாமான் அனுப்ப வேண்டும். முப்பது ஆண்டு சோதனையை நிறுத்தும் முன், அதில் படித்த பிள்ளைகளையும் படிக்காத பிள்ளைகளையும் ஒப்பிட்டு, பொதுமக்கள் முன் வைத்து முடிவெடுத்திருக்கலாம். தம்ளர்க் கடலைக்குக் காட்டப்பட்ட ஒழுங்கு அந்தத் திட்டத்துக்குக் காட்டப்படவில்லை.

திட்டம் மூடியதும் எல்லாம் அழிந்துவிடவில்லை. விஞ்ஞானி யஷ்பால் தலைமையில் உருவான 2005-ம் ஆண்டு தேசியப் பாடத்திட்ட வரைவு, மனப்பாடத்திலிருந்து விலகி அனுபவத்திலிருந்து அறிவைக் கட்டுவது பற்றிப் பேசியது. ஹோஷங்காபாத் அனுபவத்தின் சாயலை அதில் பார்க்கலாம். ஏகலவ்யா தொடர்ந்து புத்தகங்கள் வெளியிடுகிறது. 1985-ல் அது தொடங்கிய 'சக்மக்' சிறுவர் இதழைப் பல வீடுகளுக்குத் தெரியும். ஆனால் புத்தகம், பயிற்சி, சாமான், தேர்வு ஆகிய நான்கையும் ஒன்றாக மாற்றி, ஓர் அரசுப் பள்ளி அமைப்புக்குள்ளேயே முப்பது ஆண்டு நடத்தியது போன்ற முயற்சிகள் இந்தியாவில் மிக அரிது. நான்கில் ஒன்றை மட்டும் மாற்றினால் மற்ற மூன்றும் அதைப் பழைய தடத்துக்கே இழுத்துவிடும். புத்தகம் 'செய்து பார்' என்று சொன்னாலும், தேர்வு 'வரையறு' என்று கேட்டால் வாத்தியார் எதைச் சொல்லித் தருவார்?

ஹோஷங்காபாத்தின் பெயரும் 2022-ல் நர்மதாபுரம் என்று மாறிவிட்டது. 1972-ல் அந்த 16 பள்ளிகளில் முதன்முதலாக ஆறாம் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு இன்று அறுபது வயதுக்கு மேல். அவர்களுடைய பேரப் பிள்ளைகள் அதே பள்ளிகளில் படிக்கும் காலம் இது. தாத்தா ஆணியை நூலில் கட்டித் தண்ணீரில் இறக்கி 7.8 என்று கண்டுபிடித்தார். பேத்தி அந்த எண்ணை அட்டவணையிலிருந்து பார்த்து எழுதுகிறாளா, தானும் இறக்கிப் பார்க்கிறாளா என்பதுதான் கேள்வி. அதை ஹோஷங்காபாத்தில் மட்டும் கேட்டால் போதாது.